குழிப்பாந்தண்டலம் கேட்குதா?

அன்றைக்கு மாமல்லபுரத்து ரிசார்ட்டில் யார் யார் இருந்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கம்பெனி எம்.டி. இருந்தார். கடற்கரைக்கு ஆகாத ஷூ போட்டிருந்தார்.

செல்வி மேடம் இருந்தார். கார்ட்லெஸ் போனை உருவாக்கிய இன்ஜினியர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

ஏழுமலை இருந்தான். கேட்கிறவன். திருக்கழுக்குன்றத்துக்காரன்.

ரிசார்ட் முதலாளி இருந்தார். கோயம்புத்தூர்க்காரர். கொஞ்சம் தாமதமாக வந்தார்.

ஒரு நாய் இருந்தது.

நான் இருந்தேன். நடக்கிறவன்.

டெஸ்டிங் செக்‌ஷனுக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பி தங்கச்சிகளுக்காக ஏதாவது எழுதிக் கொடு என்று கேட்டார்கள். ரிட்டயர் ஆனவனுக்கு மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்காது. அது தெரிந்துதான் கேட்கிறார்கள். எனக்கு எட்டாவது வரைதான் படிப்பு. பேச்சும் குறைச்சல். அதனால் ஒரு நாள் கதையை மட்டும் எழுதுகிறேன்.

உங்களுக்கு இப்போது வேலை சுலபம். செட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடுகிறீர்கள். எவ்வளவு தூரம் எடுக்கும் என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடுகிறது. அப்போது அந்தப் பெட்டி நம்மிடம் இல்லை. கால்தான் இருந்தது. பேஸ் என்கிற தாய்ப்பெட்டியை மேசையில் வைத்து அதன் ரிசீவரோடு பக்கத்தில் ஒருத்தன் உட்காருவான். ஹேண்ட்செட்டை எடுத்துக்கொண்டு இன்னொருத்தன் பேசிக்கொண்டே நடப்பான். குரல் எங்கே உடைகிறதோ அங்கே உட்கார்ந்திருப்பவன் "கட்" என்பான். நடப்பவன் அந்த இடத்தில் சுண்ணாம்புத் தூளால் ஒரு கோடு போடுவான். அவ்வளவுதான் டெஸ்டிங்.

நடப்பது எனக்குப் பிரச்சினை இல்லை. பேசுவதுதான் பிரச்சினை.

கம்பெனிக்கு வருவதற்கு முன் நான் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் ரூட். அதிலும் பேச்சுக் கிடையாது. ஸ்டாப் பேரைச் சொல்வேன். விசில் ஊதுவேன். கம்பெனியில் முதல் நாள் ஹேண்ட்செட்டைக் கையில் கொடுத்தார்கள். கேட் வரைக்கும் போய்விட்டேன், வாய் திறக்கவில்லை. உள்ளேயிருந்து ஏழுமலை கத்தினான்.

"யோவ் அண்ணாத்த, உயிரோட கீறியா?"

"கீறேன்."

"அப்ப பேசுயா."

"இன்னா பேசறது?"

"எதுனா பேசு. நாஸ்தா இன்னா துன்ன?"

"இட்லி."

"அப்புறம்?"

"அவ்ளோதான்."

ஏழுமலை தலையில் அடித்துக்கொண்டானாம். அவனை மட்டும் குறை சொல்ல முடியாது. எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவன் எனக்கு நேர்மாறு. ஹேண்ட்செட்டை எடுத்தால் மச்சானைத் திட்ட ஆரம்பிப்பான். மச்சான் நிலத்தில் வரப்பை நகர்த்திய கதை, அதற்கு மாமியார் சப்போர்ட் செய்த கதை. கதை ருசியில் ஏழுமலை "கட்" சொல்ல மறந்துவிடுவான். "அப்புறம் இன்னா ஆச்சு" என்பான். அந்த மச்சான் கதைக்காரனை டெலிவரி வேனுக்கு மாற்றிவிட்டுத்தான் என்னைப் போட்டார்கள். அதிகம் பேசுகிறவனுக்குப் பதில் பேசாதவனைப் போட்டால் சரியாகிவிடும் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

இரண்டாம் நாள் வழி கிடைத்தது. எனக்குச் சொல்லத் தெரிந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"செங்கல்பட்டு. வல்லம். திருக்கழுக்குன்றம். குழிப்பாந்தண்டலம். பூஞ்சேரி. மாமல்லபுரம்."

அதற்கு மேலும் நடக்க வேண்டியிருந்தால் கடற்கரை ரோட்டில் வடக்கே போவேன். "சாலவான்குப்பம். பட்டிபுலம். நெம்மேலி. திருவிடந்தை. கோவளம்." கோவளம் வந்தால் பஸ்ஸைத் திருப்பிவிடுவேன்.

எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. நான் லீவு போட்டால் மற்றவர்களும் அதையே சொல்லிக்கொண்டு நடந்தார்கள். கொஞ்ச நாளில் செக்‌ஷனில் அதுவே முறை ஆகிவிட்டது. செட்டு நன்றாக இருந்தால் "குழிப்பாந்தண்டலம் கேக்குது" என்பார்கள். நீளமான பேர். அது உடையாமல் வந்தால் எதுவும் உடையாமல் வரும் என்று ஒரு நம்பிக்கை. வீட்டில் மட்டும் என் சம்சாரம் சும்மா இருக்கவில்லை. "வூட்ல வாயே தொறக்காத ஆளு. ரோட்ல பேசி சம்பளம் வாங்கிகினு வருது" என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தாள்.

இனி ரிசார்ட் விஷயம்.

செல்போன் இல்லாத கை இல்லை, கார்ட்லெஸ் யாருக்கு வேணும் என்று நீங்கள் கேட்கலாம். எம்.டி.யும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த முதலாளிக்கு வேண்டியிருந்தது. அவர் ரிசார்ட்டில் குடில்கள் மரங்களுக்கு நடுவே பரவிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வயர் போன் போட்டிருந்தார். உப்புக் காற்று வருடா வருடம் வயரைத் தின்றது. வேலை செய்கிற பையன்களுக்குச் செல்போன் வாங்கிக் கொடுத்துப் பார்த்தார். விருந்தாளி டீ கேட்கும்போது பையன் படம் பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்குப் பேச மட்டும் தெரிஞ்ச போன் வேணுமுங்க" என்று எம்.டி.யிடம் சொல்லியிருக்கிறார்.

அது செல்வி மேடத்துக்கு வந்த ஒரே வாய்ப்பு. மேடம் அந்தச் செட்டுக்காகப் பட்ட பாட்டை நாங்கள் பார்த்திருக்கிறோம். தலைமை ஆபீஸில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். முதல் ஆர்டர் முப்பது செட்டாவது இருக்க வேண்டும். இருந்தால் அச்சு போட்டு உற்பத்தி லைனுக்கு அனுப்பலாம். குறைந்தால் செக்‌ஷனை மூடிவிட்டு எல்லோரும் சார்ஜர் செய்யப் போகலாம். சார்ஜர் செய்ய இன்ஜினியர் தேவையில்லை. மேடம் ஊருக்குப் போக வேண்டியதுதான்.

கம்பெனி வாசல் ரோட்டில் டெஸ்ட் செய்தோம். ஏழுமலை கேட்டான், நான் நடந்தேன். கோடு வெகு தூரத்தில் விழுந்தது. அந்தத் தூரத்தை வைத்து மேடம் எழுதிக் கொடுத்தார். கடைசிக் குடில் வரைக்கும் தாராளமாக எடுக்கும் என்று எம்.டி. முதலாளியிடம் வாக்குக் கொடுத்தார்.

அன்று காலை முதலாளி வருவதற்கு முன் ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம் என்று சீக்கிரமே போய்விட்டோம். ரிசப்ஷனில் பேஸை வைத்தோம். நான் ஹேண்ட்செட்டோடு மணலில் இறங்கினேன். புன்னை, வேம்பு, பூவரசு என்று குடில்களுக்கு மரத்தின் பேர்களை வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாகத் தாண்டினேன். ஏழுமலை வழக்கம்போல ஓகே, ஓகே என்றான். கடைசியில் சவுக்குத்தோப்பு வந்துவிட்டது. அதற்குப் பின்னால் வேலி. அங்கேயும் ஓகே.

"அண்ணாத்த, அங்கியே நில்லு. ஒரு டீ அடிச்சினு வந்துர்றேன்" என்று தினமும் சொல்வதையே சொல்லி, ரிசீவரை மேசை மேல் வைத்துவிட்டு எழுந்து போனான்.

நான் சவுக்கு நிழலில் நின்று ஸ்டாப் சொல்லிக்கொண்டே இருந்தேன். நிறுத்தச் சொல்லவில்லை, அதனால் நிறுத்தவில்லை. திடீரென்று மேடத்தின் குரல் வந்தது. அதுவும் துண்டு துண்டாக.

"அண்ணா... எங்க நிக்கு..."

"சவுக்குத்தோப்புல மேடம்."

பதில் புரியவில்லை. கிட்டே வரச் சொல்கிறார் என்று மட்டும் தெரிந்தது. திரும்பி நடந்தேன். பாதி வழியில் குரல் தெளிவானது.

"அண்ணாச்சி, அங்கன இருந்து என்ன சொல்லிட்டு இருந்தீங்க? எனக்கு ஒண்ணுமே வெளங்கலயே."

"ஸ்டாப் பேரு மேடம்."

"ஸ்டாப்பா? அங்கொண்ணு இங்கொண்ணா ரெண்டு எழுத்துதான் கேட்டுச்சு."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மேடம் ஒரு நாளும் பேஸ் பக்கம் உட்கார்ந்து கேட்டதில்லை. ஏழுமலை காது மேல் கம்பெனிக்கே நம்பிக்கை. எங்கள் ஊர் பஸ்ஸில் அவர் ஏறியதும் இல்லை. ஹாஸ்டலிலிருந்து கம்பெனி வேனில் வருவார், வேனில் போவார்.

நான் ரிசப்ஷனுக்கு வந்தபோது ஏழுமலை டீ டம்ளரோடு நின்றிருந்தான். முகம் சிவந்திருந்தது.

"மேடம், கிளியரா கீது. சத்தியமா சொல்றேன். குழிப்பாந்தண்டலம் கேட்டுச்சு, பூஞ்சேரி கேட்டுச்சு. ஒண்ணு வுடாம கேட்டுச்சு."

"அப்போ நான் பொய் சொல்லுதேனா?"

"அய்ய, நான் அப்டி சொல்வனா? உங்களுக்குக் காது பழகல."

"என் காதுக்கு என்ன பழக்கணும்? காதுதானே?"

எம்.டி. வாட்ச்சைப் பார்த்தார். மேடம் ஏழுமலையை மறுபடியும் நாற்காலியில் உட்கார வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, திரும்ப அங்கன போங்க. ஸ்டாப் சொல்லாதீங்க. வேற எதாச்சும் பேசுங்க. ஏழுமலை அண்ணன் கேட்டு, கேட்டத அப்படியே எங்கிட்ட சொல்லட்டும்."

"இன்னா பேசறது மேடம்?"

"வீட்டுல நேத்து என்ன கொழம்பு, அதச் சொல்லுங்க."

போனேன். சவுக்குத்தோப்பில் நின்று கேட்டதற்குப் பதில் சொன்னேன். நேற்று வஞ்சிரம் மீன் குழம்பு. என் சம்சாரம் புளியைக் கொட்டிவிட்டாள். பேரன் ஒரு வாய்தான் தின்றான். பூனைக்கு வைத்தோம், பூனை முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. என் கணக்குக்கு இது ஒரு மாசப் பேச்சு.

திரும்பி வந்தேன். ஏழுமலை நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"இன்னாடா கேட்டுச்சு?" என்றேன்.

"பூனைன்னு கேட்டுச்சு" என்றான். "அவ்ளோதான்."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற மாதிரி இருந்தது, ஆனாலும் சிரிக்கவில்லை.

அவன் பொய் சொன்னதில்லை. அதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அந்த ரூட்டில் பிறந்து வளர்ந்தவன். செங்கல்பட்டு, வல்லம் என்று காதில் விழுந்தால் போதும், மீதி தானாக ஓடிவிடும். குழிப்பாந்தண்டலத்தில் ஒரு எழுத்து வந்தால் மற்ற எழுத்துகளை அவனே போட்டுக்கொண்டான். அவனுக்கு நிஜமாகவே கேட்டது. எங்கள் செக்‌ஷனில் யார் உட்கார்ந்திருந்தாலும் கேட்டிருக்கும். எல்லோரும் அந்த பஸ்ஸில் வருகிறவர்கள்தான். கேட்கிறவனுக்குத் தெரிந்ததையே சொல்லி டெஸ்ட் செய்யாதீர்கள். இந்த ஒன்றுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

எம்.டி. ஷூவிலிருந்து மணலைத் தட்டினார். பிறகு எழுந்து நின்றார்.

"சரி. இது இப்ப நமக்குத் தெரியும். முதலாளிக்குத் தெரியாது. கண்டக்டர், நீ வழக்கம்போல ஸ்டாப் சொல்லு. ஏழுமலை, நீ வழக்கம்போல ஓகே சொல்லு. அவர் பக்கத்துல நின்னு பார்ப்பார். முடிஞ்சுது."

மேடம், "கடைசிக் குடில்ல இருக்கவங்க டீ கேட்டா சார்?" என்றார்.

"டீதானே? நடந்து வந்து குடிக்கட்டும். கடற்கரைக்கு வர்றதே நடக்கத்தான்."

மேடம் பேஸின் வயரைச் சரிபார்க்கக் குனிந்தார். சார்ஜர், ஊர், எல்லாம் அந்த முகத்தில் வந்து போயிற்று. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். வெளியே கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. எம்.டி. என்னைப் பார்த்து விரலால் மணலைக் காட்டினார். நான் ஹேண்ட்செட்டை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

அதற்குப் பிறகு ரிசப்ஷனில் நடந்ததெல்லாம் ஹேண்ட்செட் வழியாகத்தான் எனக்குத் தெரியும். லைன் திறந்தே இருந்தது.

முதலாளி குரல் கேட்டது. "ஏனுங்க, இதுதானுங்களா? சின்னதா இருக்குதுங்களே."

"பவர் பெரிசு சார்" என்றார் எம்.டி. "நம்ம ஆள் கேட்பார். நீங்க நின்னு பாருங்க. ஏழுமலை, உட்காரு."

நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு ஏழுமலை.

"நீங்க உக்காருங்க சார். நீங்களே கேளுங்க."

"ஏழுமலை!"

"எனக்கு ரூட்டு தெரியும் சார். என் காது ஒதவாது."

முதலாளிக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் உட்கார்ந்துவிட்டார். "ஹலோ" என்று அவர் குரல் காதுக்குள் வந்தது. நான் முதல் குடிலைத் தாண்டிக்கொண்டிருந்தேன். வழக்கம் விடவில்லை.

"செங்கல்பட்டு" என்றேன். "வல்லம்."

முதலாளிக்குப் பின்னால் எம்.டி. குரல் வந்தது. "வல்லம்னு சொல்றார் சார். கேக்குதில்ல? அடுத்தது திருக்கழுக்குன்றம் சார். பாருங்க, சொல்வார்."

எம்.டி.யும் எத்தனையோ நாள் டெஸ்டிங்கில் நின்றவர். அவருக்கும் ரூட் மனப்பாடம். நான் போகப் போக, என் குரல் உடைந்தாலும் முதலாளி காதில் அவரே ஸ்டாப்பை ஊற்றிவிடுவார். நான் நின்றேன். மூச்சு விட்டேன். பிறகு எதிரே இருப்பதைச் சொல்ல ஆரம்பித்தேன். அது யாருக்கும் மனப்பாடம் இல்லை.

"ஒத்தை செருப்பு. நீலக் கலர்."

"என்னங்க?" என்றார் முதலாளி.

"மணல்ல சார். ஒத்தை செருப்பு கெடக்குது. பக்கத்துல வலை காயுது. மூணு காக்கா."

"காக்கா என்னங்க பண்ணுது?"

"சும்மா கீது சார்."

அவர் சிரித்தார். எம்.டி. குரல் நின்றுபோயிற்று. நடந்துகொண்டே சொன்னேன். "வேம்பு தாண்டிட்டேன். ஒரு வெள்ளைக்கார அம்மா பாய் போட்டு யோகா பண்ணுது. தலைகீழா நிக்குது."

"தலைகீழாவா?"

"ஆமா சார். கண்ணு மூடிகினு கீது. அந்தப் பக்கம் ஒரு நாய் வருது."

"கடிக்குமுங்களா?"

"தெரியல சார். பாயை மோந்து பாக்குது. அந்தம்மாவுக்குத் தெரியல. நாய் சுத்திச் சுத்தி வருது. இப்ப நின்னுடுச்சு. இப்ப..."

"இப்ப?"

நான் சொன்னேன். என் வாயிலும் வார்த்தை தானாக வந்தது. ஆனால் ஹேண்ட்செட்டில் அவர் குரல் கரகரத்தது.

"இப்ப என்னா... ங்க? ஹலோ? இப்ப என்..."

அதோடு போயிற்று. நின்றேன். பாக்கெட்டில் இருந்த சுண்ணாம்புத் தூளை எடுத்து, நின்ற இடத்திலேயே கோடு போட்டேன். பின்னாலேயே இரைக்க இரைக்க முதலாளி வந்தார். செருப்பு இல்லாமல் ஓடி வந்திருந்தார். அவருக்குப் பின்னால் மேடம், ஏழுமலை. எம்.டி. ஷூவில் மணல் நிரம்பி வாத்து மாதிரி கடைசியில்.

"என்னாச்சுங்க அந்த நாய்க்கு?"

நான் கை காட்டினேன். நாய் பாயில் ஏறிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மா இன்னும் தலைகீழாகவே இருந்தார்.

முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் சிரித்தார். சிரித்து முடிந்ததும் கீழே கோட்டைப் பார்த்தார்.

"இது என்னங்க?"

எம்.டி. வந்து சேரவில்லை. மேடம் பதில் சொன்னார்.

"இது வரைக்கும்தான் சார் கேக்கும். இதுக்கு அங்கிட்டு கேக்காது. கடைசி வரைக்கும் எடுக்கும்னு எழுதிக் குடுத்தது நான்தான். அது தப்பு."

"அந்தப் பக்கம் எடுக்க என்ன பண்ணணுமுங்க?"

"நடுவுல இன்னொரு பேஸ் வைக்கணும். அத இன்னும் செய்யல. செய்யணும்."

"செஞ்சிருவீங்களா?"

"செக்‌ஷன் இருந்தா செஞ்சிருவேன் சார்."

முதலாளி கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கால், இந்தப் பக்கம் ஒரு கால் வைத்து நின்று யோசித்தார். எம்.டி. அப்போதுதான் வந்து சேர்ந்து மூச்சு வாங்கினார்.

"செரிங்க. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற குடிலுக்கு மட்டும் இப்பப் போடுங்க. அந்தப் பக்கம் இந்த இன்ஜினியரம்மா செஞ்ச பொறகு பார்த்துக்கலாம்."

எம்.டி. தொண்டையைச் செருமினார். "இந்தப் பக்கம் எத்தனை சார் இருக்கு?"

"யாருக்குங்க தெரியும்? நம்பரா வெச்சிருக்கு? மரத்துப் பேருதானுங்களே. எண்ணிப் பாருங்க."

கோட்டை இரண்டு பக்கமும் நீட்டினேன். வேலி வரைக்கும். நீட்டினால் ஒரு குடில் நடுவில் மாட்டிக்கொண்டது. தாழை என்று போர்டு. வராந்தாவும் படுக்கையும் இந்தப் பக்கம். குளியலறை அந்தப் பக்கம்.

"இது அவுட்டு" என்றான் ஏழுமலை. இப்போது அவனுக்கு நேர்மை கூடிப்போயிருந்தது.

"அடப் பாவி, சும்மா இருடா" என்றேன். யாரும் கேட்காமல் நான் இப்படிப் பேசுவது அபூர்வம்.

முதலாளி போர்டைப் பார்த்தார். குளியலறைச் சுவரைப் பார்த்தார். "குளிக்கறப்ப யாருங்க டீ கேக்கறாங்க? சேர்த்துக்குங்க."

எம்.டி. விரலை நீட்டி ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ண ஆரம்பித்தார். மேடம் கையைக் காட்டித் தடுத்தார்.

"சத்தமா வேண்டாம் சார். ஒருத்தர் எண்ணுதது இன்னொருத்தர் காதுல விழப்படாது. தனித்தனியா நடந்து எண்ணிட்டு வருவோம். பொறவு சொல்லுவோம்."

நாலு பேரும் நாலு பக்கம் போனோம். குடில்கள் வரிசையாக இல்லை. மரம் நின்ற இடத்தில் மரத்தை விட்டுவிட்டுக் கட்டியிருக்கிறார்கள். எண்ணியதை மறுபடியும் எண்ணாமல் இருக்கச் சுவரில் கையை வைத்து வைத்து நடந்தேன். தூரத்தில் மேடம் உதடு அசைந்துகொண்டே போவது தெரிந்தது. எம்.டி. ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்.

கோட்டுப் பக்கத்தில் மறுபடியும் கூடினோம். யார் முதலில் சொல்வது என்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். ஏழுமலை சொன்னான். எம்.டி. சொன்னார். நான் சொன்னேன். மேடம் கண்ணை மூடிக்கொண்டு கடைசியாகச் சொன்னார்.

நாலு பேருக்கும் முப்பது.